வணக்கம் வைக்கிற பிள்ளை

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் மூக்குக்கண்ணாடிக் காம்பை வளைப்பதற்காக, சூடான மணிகள் நிரப்பிய பெட்டிக்குள் செருகிவிட்டு, அது இளகட்டும் என்று காத்திருந்தபோதுதான் அந்த வீடியோ வந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் கொழுந்தன் போட்டிருந்தான். பிறந்து ஏழாவது மாதம் நடக்கும் என் மகன் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். "மந்திரி, வணக்கம் சொல்லு" என்கிறது மாமனாரின் குரல். உடனே பிள்ளை தலையைக் குனிந்து, இரண்டு கைகளையும் விரித்து முன்னால் கொண்டுவந்து, ஒரு கும்பிடு போடுகிறான். மறுபடியும் "வணக்கம் சொல்லு." மறுபடியும் கும்பிடு. பின்னணியில் பேண்டு வாத்தியம் முழங்குகிறது. மாண்புமிகு மந்திரி அவர்கள் பொதுமக்களைச் சந்திக்கிறார் என்று கீழே பெரிய எழுத்து வேறு. இது முதல் வீடியோ அல்ல, முன்பும் இப்படி வந்திருக்கிறது. ஒன்றுவிட்ட சித்தப்பாக்கள் முதல் முகம் தெரியாத மதினிகள் வரை அதற்குள் கைதட்டும் படங்களை அனுப்பித் தள்ளியிருந்தார்கள்.

கடையில் என்னோடு வேலை செய்யும் அக்கா எட்டிப் பார்த்து, "இப்பவே ஓட்டுக் கேக்குறான் பாரு. எந்தக் கட்சிடி?" என்றாள். வாத்தியார் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே காம்பை எடுத்து வளைத்து அவர் காதில் மாட்டிவிட்டு, லென்ஸில் கண்மணிக்கு நேரே புள்ளி வைப்பதற்காக, "சார், என் நெத்தியைப் பாருங்க" என்றேன்.

கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்கு எதிரே நின்றால் ஒன்று தானாகப் பழகிவிடும். ஒரு கண் எதையாவது பார்க்கிறதா, சும்மா திறந்திருக்கிறதா என்பது. பெரிய வித்தை ஒன்றுமில்லை. நெற்றியைப் பாருங்கள் என்றால் சிலர் நெற்றியைப் பார்ப்பார்கள். சிலர் பார்க்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுக் கவலையைப் பார்ப்பார்கள், புள்ளி தவறிவிடும். வாத்தியார் ஒழுங்காகப் பார்த்தார். புள்ளி வைத்து முடித்துவிட்டு, என்னவோ தோன்றி, வீடியோவைச் சத்தமில்லாமல் திரும்ப ஓட்டினேன். பிள்ளையின் தலை வணங்கியது. கைகள் வணங்கின. கண்கள் மட்டும் யாரையும் பார்க்கவில்லை. அவை சுவருக்கும் கூரைக்கும் நடுவே எங்கோ மாட்டிக்கொண்டிருந்தன. "கண்ணாடியைக் குடும்மா" என்று வாத்தியார் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், எனக்குக் காதில் விழவில்லை.

மந்திரி என்பது மாமனார் வைத்த பட்டப்பெயர். அவர் ஒரு சோப்புக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராக அலைந்து ஓய்வு பெற்றவர். மாமியார் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. நான் வேலைக்குத் திரும்பியதிலிருந்து பகலில் பிள்ளையை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். பால் கொடுப்பது, துணி மாற்றுவது, தோளில் போட்டுத் தட்டித் தூங்கவைப்பது எல்லாவற்றிலும் என்னைவிடக் கைதேர்ந்தவர், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறை என்ற சொல்தான் அவருக்கு ஆகாது. நுரையே வராத சோப்பைத் 'தோலுக்கு மென்மையானது' என்று சொல்லி விற்றவர். "சரக்குல குறைன்னு விக்கிறவன் வாயால வரக்கூடாது. வாங்கறவன் கண்டுபிடிச்சா அப்ப பாத்துக்கலாம்" என்பது அவர் தொழில் தர்மம். சோப்போடு நின்றிருந்தால் எனக்கும் அது ஒரு வேடிக்கைக் கதையாகவே இருந்திருக்கும். பேரப்பிள்ளையையும் அவர் அந்தக் கணக்கில்தான் சேர்த்தார்.

பிறந்த மூன்றாம் நாள் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. கால்கள் சைக்கிள் மிதிப்பது போல ஓடின. உதடு சப்புக்கொட்டியது. கண் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. நான் பசி என்று நினைத்து மாரோடு சேர்த்தேன். பார்த்த நர்ஸ் ஒரு வார்த்தை பேசாமல் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். கிருமி ரத்தத்தில் ஏறி மூளையைத் தொட்டுவிட்டது என்றார்கள். பிறகு நான் பிள்ளையைக் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன். ஊசி, மருந்து, குழாய். வலிப்பு நின்றது. காய்ச்சல் நின்றது. பெரிய டாக்டர் வந்தார், "எல்லாம் நார்மல், சந்தோஷமா வீட்டுக்குப் போங்க" என்றார், அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நடைபாதையில் நான் துணிமணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது ஒரு இளம் பெண் டாக்டர்தான் நின்று பேசினாள். "கிருமி போயிடுச்சும்மா. ஆனா மூளையில அழற்சி இருந்திருக்கு. சில குழந்தைங்களுக்கு அது நீறு பூத்த நெருப்பு மாதிரி உள்ளுக்குள்ளயே இருக்கும். பின்னாடி வலிப்பு நோயா வரலாம், வராமலும் போகலாம். கவனமா பாத்துக்கங்க." எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்க வாயைத் திறந்தேன். அவள் போன் அடித்தது. கையைக் காட்டிவிட்டுப் போனவள் போனவள்தான்.

கவனமாகப் பார்த்துக்கொள் என்றால் எதை? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டுவிட்டு வழியைப் பார்த்து நட என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வலிப்பு என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் தெருவில் ஒருவன் விழுந்து வாயில் நுரை தள்ளியதும், நாலு பேர் ஓடிவந்து கையில் இரும்புச் சாவியைத் திணித்ததும்தான். நான் அதற்காகக் காத்திருந்தேன். வெட்டி இழுக்கும், நுரை தள்ளும், உடம்பு விறைக்கும் என்று ராப்பகலாகக் காத்திருந்தேன். அது தலையைக் குனிந்து, கையைக் கூப்பி, இத்தனை மரியாதையாக வரும் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்கு அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது காரில் மாமனார் சொன்னார். "யார் கேட்டாலும் மஞ்சள் காமாலைன்னு சொல்லிடுவோம்மா. அந்த இன்னொரு வார்த்தை வேணாம். ஒருதரம் ஒட்டிக்கிச்சுன்னா சாகுற வரைக்கும் போகாது. நாளைக்குப் பள்ளிக்கூடம், வேலை, கல்யாணம்னு எத்தனை இருக்கு." வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் தலையை ஆட்டினார். தையல் வலியும் பால் கட்டிய வலியுமாக நான் பின் சீட்டில் கிடந்தேன். மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அது அன்றைக்கு அந்தக் காரில் மூன்று பேருக்கு நடுவே நடந்தது.

வீடியோவைப் பார்த்த மறுநாள் கடைக்கு வரமுடியாது என்று சொல்லிவிட்டேன். காலையில் பிள்ளை எழும்போது இந்தக் கும்பிடுகளில் ஒன்றிரண்டை நானும் கண்டதுண்டு. தாத்தா சொல்லிக்கொடுத்ததை ஒத்திகை பார்க்கிறான் என்று நினைத்து முத்தம் கொடுத்துவிட்டு பஸ் பிடிக்க ஓடியிருக்கிறேன். மதியத் தூக்கம் முடிந்து எழும்போது என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியாது, அது மாமனாரின் நேரம். மேல்மாடி அம்மா, எதிர்வீட்டு ஐயா என்று டீ நேரத்துக்கு ஆட்கள் கூடுகிற நேரம். அன்று அவர்களில் யாரும் வருவதற்கு முன்னால் நான் தொட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பிள்ளை விழித்தான். தூக்கி மடியில் வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு யாரோ முதுகில் தட்டியது போலத் தலை முன்னால் விழுந்தது, கைகள் விரிந்து முன்னால் வந்தன, வயிறு இறுகியது. உடனே தளர்ந்தது. ஒரு சின்ன அழுகை. அழுகை முடிவதற்குள் இன்னொன்று. மறுபடியும் அழுகை. "ஆரம்பிச்சுட்டார்யா மந்திரி" என்று சமையலறையிலிருந்து டம்ளரோடு வந்தார் மாமனார். "வணக்கம், வணக்கம். ஏன் அழறான் தெரியுமா? கைதட்ட ஆள் இல்லைன்னு கோபம்."

நான் பிள்ளையின் முகத்துக்கு நேரே என் முகத்தைக் கொண்டுபோனேன். கடையில் சொல்வது போலவே, "டேய், அம்மா நெத்தியைப் பாருடா" என்றேன். பார்க்கவில்லை. தலையை இடதுபக்கம் கொண்டுபோனேன், வலதுபக்கம் கொண்டுபோனேன். என் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தவன், என் குரல் கேட்டாலே பொக்கை வாயைத் திறந்து உடம்பெல்லாம் சிரித்தவன். இந்தப் பிள்ளை கடைசியாக எப்போது சிரித்தான் என்று யோசித்தேன். ஞாபகத்துக்கு வரவில்லை. மாமனாரைக் கேட்டேன்.

"பெரிய மனுஷன் ஆயிட்டான்ல. கண்டதுக்கெல்லாம் சிரிப்பானா?"

"மாமா, இதை டாக்டர்கிட்ட காட்டணும்."

"காட்டிட்டோமேம்மா. போன வாரம் சளிக்குக் கூட்டிட்டுப் போனப்ப வீடியோவையே காட்டினோம். அவரே சிரிச்சாரு. கொஞ்சம் வாயுத் தொந்தரவு இருக்கும்னு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தாரு."

"பிறந்தப்ப ஏதாவது பிரச்சனை இருந்துச்சான்னு கேட்டாரா?"

"கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். பிறகு, "மஞ்சள் காமாலைன்னு" என்றார்.

ஊருக்குச் சொன்னால் சரி. சொந்தக்காரனுக்குச் சொன்னால் சரி. டாக்டருக்குமா? மருந்து எழுதுகிறவனிடமே நோயை மறைக்கிற புத்தியை எங்கே போய்ச் சொல்வது? எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆனால் பிள்ளை என் மடியில் மறுபடியும் வணங்க ஆரம்பித்திருந்தான். கத்தினால் அவன் உடம்பு இன்னும் திடுக்கிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கத்தாமல் கோபப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாலையில் கணவர் வந்தார். ஏசி மெக்கானிக். சட்டையெல்லாம் தூசி. குளிக்கக்கூட விடவில்லை நான்.

"டாக்டர் கேட்டப்ப நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க?"

"அப்பா சொல்லிட்டாரு. அவரை வெச்சுக்கிட்டே இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

"ஒரு வீட்டுக்கு மெஷின் ரிப்பேருக்குப் போனா முதல்ல என்ன கேப்பீங்க?"

"இதுக்கு முன்னாடி என்ன கோளாறு வந்துச்சுன்னு கேப்பேன்."

"அந்த வீட்டுக்காரன் பொய் சொன்னா?"

அவர் குனிந்து காலணியைக் கழற்றினார், கழற்றியதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நல்ல மனிதர். யார் மனமும் நோகக்கூடாது என்று வாழ்கிறவர். இந்த நல்லவர்களோடு குப்பை கொட்டுவது போல ஒரு கொடுமை உலகத்தில் கிடையாது. அப்பா மனம் நோகக்கூடாது, டாக்டர் மனம் நோகக்கூடாது. நோகிறது முழுக்க மடியில் கிடக்கிற பிள்ளைக்கு, அதற்குத்தான் வாயில்லையே.

மறுநாள் காலையிலேயே பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரைப் பார்ப்பது என்று முடிவானது. முடிவு செய்தவள் நான்தான், யாரிடமும் கேட்கவில்லை. பிள்ளை டாக்டர் முன்னால் அதைச் செய்து காட்டுவான் என்பதற்கு என்ன நிச்சயம்? மறுபடியும் பேண்டு வாத்தியத்தையா காட்டுவது? கொழுந்தனின் அறைக்குப் போனேன். விசேஷ வீடுகளுக்கு வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்துக் கொடுப்பது அவன் தொழில். யாரோ ஒரு மணப்பெண் கம்ப்யூட்டர் திரையில் பாதிக் கண்ணீரோடு உறைந்து நின்றுகொண்டிருந்தாள்.

"தம்பி, அவன் வீடியோ வெட்டாம முழுசா இருக்கா?"

"இருக்கு அண்ணி. எதுக்கு? அதுல பாதி அழுகைதான். அதையெல்லாம் வெட்டிட்டுத்தானே போட்டேன். அழுகையை யார் பாப்பாங்க?"

"நான் பாப்பேன். போடு."

மணப்பெண்ணை மூடிவிட்டு அவன் அதைத் திறந்தான். முதலில் அவன் அனுப்பிய மாதிரியே ஓடியது, வாத்தியத்தோடு. பாட்டை எடுத்துவிடு, நீ செய்த வெட்டு ஒட்டு எல்லாவற்றையும் எடுத்துவிடு என்றேன். எடுத்தான். வாத்தியம் போனதும் அந்த அறை வேறு அறையாக ஆகிவிட்டது. மின்விசிறிச் சத்தம், தெருவில் ஒரு வண்டி, யாரோ டீ உறிஞ்சும் சத்தம், பெண்களின் சிரிப்பு. இதற்கெல்லாம் அடியில் ஒரு பிள்ளை விட்டுவிட்டு அழுகிற சத்தம். ஒவ்வொரு கும்பிடுக்குப் பிறகும் அதே அழுகை, அதே இடைவெளி. ஒருவர் அளவெடுத்து அவனை அடிக்கிறார் என்று சொன்னால் நம்பலாம். கும்பிடு, அழுகை. கும்பிடு, அழுகை. சிரிப்புச் சத்தம் மட்டும் நிற்கவே இல்லை.

"கொஞ்சம் நிறுத்து" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மாமனார் கதவருகே நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. "முதல்லேருந்து போடு."

கொழுந்தன் என்னைப் பார்த்தான். முதலிலிருந்து போட்டான். திரையில் பிள்ளையின் தலை விழுகிறது, கைகள் வருகின்றன. அதற்குப் பிறகுதான் மாமனாரின் குரல், "வணக்கம் சொல்லு" என்கிறது. அடுத்தது. தலை விழுகிறது, பிறகு குரல். அதற்கடுத்தது. எப்போதும் பிள்ளை முந்தி, குரல் பிந்தி. அவர் சொல்லி அவன் செய்யவில்லை. அவன் உடம்பு எதையோ செய்தது, அதைத் துரத்திக்கொண்டு அவர் சொல்லியிருக்கிறார். குரலை முன்னால் நகர்த்திப் பொருத்தியவன் கொழுந்தன்.

"அதுதான்பா பாக்க நல்லா இருந்துச்சு" என்றான் கொழுந்தன். அவன் குரல் தேய்ந்துபோனது. "நீங்க சொன்னதும் அவன் செய்யற மாதிரி."

நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று அவர்கள் இரண்டு பேருக்குமாக நான் சேர்த்து வைத்திருந்தேன். பிள்ளையின் அழுகையை வெட்டிப் போட்டுவிட்டுப் பாட்டு வைத்தவனையும், அவன் வலியை ஊர் கூட்டிக் காட்டிக் கைதட்டல் வாங்கியவரையும் என்ன சொன்னால் தகும்? ஆனால் மாமனார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்ததும் வார்த்தை வரவில்லை. அவர் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. பிள்ளைக்குத் தான் கற்றுக்கொடுத்ததாக அவர் நம்பிய ஒரே பாடம் அது. எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது, இரக்கம் வந்ததே என்று இன்னும் கோபம் வந்தது.

நரம்பு டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. அவர் அறையில் நாங்கள் மூன்று பேரும் பிள்ளையோடு உட்கார்ந்தோம். "பிறந்தப்ப எப்படி இருந்தான்?" என்று கேட்டார். மாமனார் தரையைப் பார்த்தார். என் கணவர் வாயைத் திறந்து மூடினார். நான் சொன்னேன். மூன்றாம் நாள், கால் ஓடியது, கண் இழுத்தது, கிருமி, அழற்சி, மஞ்சள் காமாலை என்ற பொய், சொட்டு மருந்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். வெட்டாத வீடியோவைக் காட்டினேன். அவர் முழுவதையும் பார்க்கவில்லை, தொடக்கத்திலேயே போனைக் கீழே வைத்துவிட்டார்.

"இது வலிப்புதான்மா. குழந்தைங்களுக்கு மட்டும் வர்ற ஒரு வகை. தூங்கி எழுந்ததும் வரிசையா வரும். பாக்கறவங்க வாயுத் தொந்தரவுன்னோ விளையாட்டுன்னோதான் நினைப்பாங்க."

பிள்ளையின் தலை முழுக்கப் பசை தடவி வயர் ஒட்டினார்கள். தூங்கினால்தான் சோதனை சரியாக வரும் என்றார்கள். ஒட்டிய தலையோடு அவன் என் தோளில் தூங்க, பக்கத்துத் திரையில் கோடுகள் ஓடின. எனக்கு அந்தக் கோடுகளில் ஒன்றும் புரியவில்லை. ஒரு சின்னப் பிள்ளை சுவரில் பென்சிலால் கிறுக்கியது போல இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த டாக்டரின் முகத்திலிருந்துதான் புரிந்துகொண்டேன்.

மாமனார் முதல்முறையாக வாயைத் திறந்தார். "அந்தக் காய்ச்சல் அப்பவே போயிடுச்சே டாக்டர்."

"காய்ச்சல் போயிடும் ஐயா. அழற்சி அப்படிப் போகாது. கிருமியை எதிர்த்து உடம்பு மூட்டின நெருப்பு அது. சில பிள்ளைங்களுக்குத் தானா அணைஞ்சிடும். சிலருக்கு அணையாம மூளையோட போக்கையே மாத்திடுதோன்னு சந்தேகப்படறாங்க. யாருக்கு அணையும், யாருக்கு அணையாதுன்னு பிறந்தப்பவே கண்டுபிடிக்க இன்னும் வழி தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க. ஆனா பிறந்ததும் வலிப்பு வந்த பிள்ளைங்களுக்கு ஆபத்து அதிகம்னு நல்லாவே தெரியும்."

"தெரியும்ல?" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "தெரிஞ்சா எதைப் பாக்கணும்னு சொல்லியிருக்கணும்ல? எல்லாம் நார்மல்னு அனுப்பினாங்க. கவனமா பாருங்கன்னு ஒருத்தர் சொன்னாங்க, எதைன்னு சொல்லல. நான் கீழ விழறானா, நுரை தள்றானான்னு பாத்துக்கிட்டு இருந்தேன் டாக்டர். அவன் கும்பிட்டுக்கிட்டு இருந்தான். இவங்க மறைச்சாங்க, சரி, விவரம் தெரியாத பயம். நீங்க எல்லாம் ஏன் மறைச்சீங்க?"

என் கணவர் என் முழங்கையைத் தொட்டார். நான் கையை உதறினேன். டாக்டர் கோபப்படவில்லை. சமாதானம் சொல்லவும் இல்லை.

"சொல்லியிருக்கணும்" என்றார். "சொல்லாதது தப்புதான்." கொஞ்சம் பொறுத்து, "இப்ப ஸ்டீராய்டு ஆரம்பிக்கணும், இன்னைக்கே. சீக்கிரம் வந்திருந்தா இன்னும் நல்லது. இப்பவும் கைமீறிடலை, ஆனா நான் வாக்குக் கொடுக்க முடியாது. முதல்ல இந்த வெட்டு நிக்கணும். அப்புறம் அவன் உங்களைத் திரும்பிப் பாக்கணும். அதைத்தான் நீங்க கவனிக்கணும், அம்மா முகத்தைப் பாக்குறானா, சிரிக்கிறானான்னு" என்றார். எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு மனுஷி சொல்லிவிட்டாள். அழுகை அப்போதுதான் வந்தது எனக்கு.

மருந்து ஆரம்பித்தது. பிள்ளை எப்போதும் பசியில் அலறினான், எதற்கெடுத்தாலும் சிடுசிடுத்தான். கும்பிடுகள் குறைந்தன. பிறகு ஒருநாள் தூங்கி எழுந்தவனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. நாங்கள் யாரும் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் கண்கள் இன்னும் திரும்பவில்லை. முகம் மட்டும் ஊதிக்கொண்டே போனது. மருந்தின் வேலை அது, நிறுத்தினால் வற்றிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கன்னம் இரண்டும் பந்து போல உப்பி, மோவாய் இருந்த இடம் தெரியவில்லை. என் பிள்ளையின் முகத்துக்குள் என் பிள்ளையைத் தேட வேண்டியிருந்தது. மாமனார் பழையபடி பாலைக் கொடுத்தார், துணியை மாற்றினார். டீ நேரத்துக்கு யாரையும் கூப்பிடவில்லை. கேட்டவர்களிடம், பிள்ளைக்குச் சளி என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மருந்தால் பிள்ளைக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டுத் திரும்பிய ஒரு மாலையில், எங்கள் கட்டடத்தின் லிஃப்டில் மேல்மாடி அம்மா ஏறினாள். கூடவே எதிர்வீட்டு ஐயாவும் யாரோ இரண்டு பேரும். பிள்ளை மாமனாரின் தோளில் இருந்தான்.

"ஐயோ கண்ணு, எவ்வளவு நாளாச்சு பாத்து" என்றாள் மேல்மாடி அம்மா. "கொழுகொழுன்னு என்னமா ஆயிட்டான். தாத்தா வளர்ப்புன்னா சும்மாவா? என்னதான் குடுக்கறீங்க?" சொல்லிக்கொண்டே விரலை நீட்டினாள். பிள்ளை அதை இறுகப் பிடித்துக்கொண்டான்.

இந்த இடத்துக்கு மாமனாரிடம் ஆயிரம் பதில் இருக்கும், எனக்குத் தெரியும். ஆயுசு முழுக்க விற்ற வாய். ஆனால் அவர் என்னைத்தான் பார்த்தார். சொல்லாதே என்கிறாரா, நீயே சொல்லிவிடு என்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"கொழுப்பு இல்லைங்க, மருந்து வீக்கம்" என்றேன்.

"மருந்தா? எதுக்கு?"

"வலிப்புக்கு."

மேல்மாடி அம்மாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, விரல் மட்டும் பின்வாங்கியது. பிள்ளையின் பிடிக்குள்ளிருந்து அதை மெதுவாக உருவி எடுத்துக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், புடவையின் பக்கவாட்டில் ஒருமுறை துடைத்தாள். நான் பார்த்தேன். கொதித்துக்கொண்டு வந்தது எனக்கு. இந்தப் பிள்ளை உங்களுக்குக் கும்பிடு போட்டபோது எப்படிக் கைதட்டினீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன்.

அப்போது மாமனார் என் தோளைப் பிடித்து அழுத்தினார். "அம்மாடி, அவனைப் பாரு" என்றார் தணிந்த குரலில்.

பிள்ளையின் கை காலியாக நீட்டியபடி இருந்தது. தலை திரும்பியிருந்தது. உப்பிய கன்னங்களுக்கு நடுவே இரண்டு கண்களும் அந்த விரல் போன வழியே போய், புடவை மடிப்பில் அது ஒளிந்துகொண்ட இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. எங்கள் மாடியில் லிஃப்ட் நின்று கதவு திறந்தது. நாங்கள் யாரும் இறங்கவில்லை.